தெருவுக்குப் போன நாற்காலி

நகரத் தொடங்கிய பதினோராவது வருடம், ஒரு வெயில் காலத்தில், கிரேன் ஓட்டுநரின் நாற்காலி வீட்டைத் தாண்டித் தெருவுக்கு வந்து சேர்ந்தது. குடியை விடச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் போதும், நாற்காலி அவரையும் சுமந்துகொண்டு கொஞ்சம் பின்னால் நகரும். குரலை உயர்த்திச் சொன்னால் ஒரு சாண். சாப்பாட்டு மேஜையிலிருந்து கூடத்தைக் கடக்க ஆறு வருடம், வாசற்படி இறங்க மூன்று. வேறு நாற்காலி போட்டுப் பார்த்தார்கள், அதுவும் போய் அதே இடத்தில்தான் நின்றது. மனைவியின் அண்ணன் ஒரு விடுமுறை நாளில் வந்து மூன்று மணி நேரம் விடாமல் பேசியதில் கேட்டையும் தாண்டியாயிற்று. அவரைச் சொல்லியும் குற்றமில்லை, நல்ல மனுஷன், வாய்தான் ஓயாது.

படுக்க மட்டும் உள்ளே வருவார் ஓட்டுநர். மூன்று வேளையும் மனைவி தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போனாள். தையல் வேலை செய்பவள் என்பதால் கையில் எப்போதும் டேப் இருக்கும். நாற்காலியின் பின்னங்காலிலிருந்து பஸ் போகும் பாதைக்கு நாற்பது அங்குலம் என்று அளந்து வைத்திருந்தாள். அதையும் தாண்டினால் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். பேசாமல் இருந்தும் பார்த்தாள். மூன்று நாள் தாக்குப்பிடித்தாள், நாலாம் நாள் வாய் தானாகத் திறந்துகொண்டது. முப்பத்தெட்டு அங்குலம் ஆயிற்று. அவளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

அந்த வாரம்தான் ஆஸ்பத்திரியின் போதை மீட்புப் பிரிவிலிருந்து ஆலோசகர் ஒரு மத்தியான நேரத்தில் வந்தார். அன்றைக்கு அது அவருக்கு ஏழாவது வீடு, செருப்பு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. நாற்காலி தெருவில் நிற்பதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு ஸ்டூலை வாங்கிக்கொண்டு வந்து, “பக்கத்துல உட்காரலாமா?” என்று ஓட்டுநரிடம் அனுமதி கேட்டு உட்கார்ந்தார். “குடிக்கிறதுல உங்களுக்குப் பிடிச்சது என்ன?”

மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊரெல்லாம் புத்தி சொல்லித் தொண்டை வறண்டு கிடக்க, இது என்ன கேள்வி?

ஓட்டுநர் தன் கால்களைக் காட்டினார். “மேல இருந்து இறங்கின பிறகும் கால் ஆடிக்கிட்டே இருக்கும். ரெண்டு கிளாஸ் உள்ள போனாத்தான் தரை நிக்கும்.”

“தரை நிக்கணும்னுதான் குடிக்கிறீங்க.”

“ஆமா. ஆனா இப்ப என்னைக் கிரேன்ல ஏத்துறதே இல்ல. ஆடாத காலுக்கு எதுக்குக் குடிக்கிறேன்னு எனக்கே தெரியல.”

நாற்காலி முன்னால் நகர்ந்தது. மனைவி அளந்தாள், இரண்டு அங்குலம்.

அடுத்த வாரம், குடியை விடும் எண்ணம் பத்துக்கு எத்தனை என்று ஆலோசகர் கேட்டார். மூன்று என்றார் ஓட்டுநர். ஏன் பத்து இல்லை என்று கேட்கப்போகிறார், போச்சு, என்று மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். ஆலோசகர் கேட்டதோ, “ஏன் பூஜ்யம் இல்ல?” ஓட்டுநர் மடியிலிருந்த தட்டைப் பார்த்தார். “இவ தட்டோட தெருவுக்கு வர்றா. போறவங்க வர்றவங்க எல்லாம் பார்க்கிறாங்க. சாப்பாடு ஆறிப்போகுது. எனக்கு வெட்கமா இருக்கு.” அன்றைக்கு நாற்காலியோடு கேட்டுக்குள் வந்துவிட்டார். கை நடுக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாமா என்றும் அவரே கேட்டார்.

வாசற்படி ஏற ஐந்து மாதம். அவர் கூடத்துக்குள் வந்த சந்தோஷத்தில் மனைவி, “இதை அன்னைக்கே செஞ்சிருந்தா என்னவாம்?” என்று சொல்லித் தொலைத்தாள். நாற்காலி தடதடவென்று படியிறங்கிப் போயிற்று. மறுபடி மூன்று மாதம். அதற்குப் பிறகு அவள் வாயில் குண்டூசிகளை வைத்துக்கொண்டே அவரோடு இருக்கப் பழகினாள், தையல்காரிக்கு அது கஷ்டமில்லை.

மேஜைக்கு ஒரு சாண் இருக்கும்போது நாற்காலி நின்றுவிட்டது. ஒரு சாயங்காலம் அவர் வந்து உட்கார்ந்து, “இன்னைக்குக் குடிச்சிட்டேன்” என்றார். பதினோரு வருடப் பேச்சும் அவளுக்குத் தொண்டை வரை வந்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கிண்ணத்தில் போட்டாள்.

“அப்புறம்?”

“பாதியில வச்சிட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வரணும்னு தோணுச்சு.”

நாற்காலி பின்னால் போகவில்லை, முன்னாலும் வரவில்லை. அவள் எழுந்து மறுபக்கம் போய், இடுப்பைக் கொடுத்து மேஜையை அவர் பக்கமாக ஒரு சாண் தள்ளினாள். இரண்டு தட்டு வைத்தாள். சாப்பாடு சூடாக இருந்தது.

மேஜை இன்னும் அங்கேதான் கோணலாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் இடித்துக்கொள்கிறார்கள், மனைவியின் அண்ணன் இரண்டு தடவை. யாரும் அதை நகர்த்துவதில்லை.