வேலை செய்யும் வீடு

"நாளையிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்கு நான் வெளிய போறேன். ஏழு மணிக்குத்தான் வருவேன்."

சாப்பாட்டு மேசையில் மூன்று கைகளும் தட்டிலேயே நின்றுவிட்டன. சொன்னவள் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை. எண்ணெய் தீர்ந்துபோச்சு என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"எங்கக்கா?" என்றான் தம்பி.

"படிக்க."

பத்தாவது படிக்கும் அவன் மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். "அத்தை, எங்கூட பரீட்சை எழுதப் போறீங்களா?"

தம்பி சிரிக்கவில்லை. "அஞ்சரைக்கு நான் ஆபீஸ் விட்டு வருவேன். இவ டியூஷன் போகணும். யாரு கதவத் திறக்கிறது, யாரு டீ போடுறது? அம்பத்தி நாலு வயசுல இப்ப என்ன அவசரம்?" மனைவியின் பக்கம் திரும்பினான். "நீதான் ஏதாவது சொல்லிக் கிளப்பி விட்டியா?"

அப்படிக் கேட்பதற்குக் காரணம் இருந்தது. மனைவியின் உத்தியோகமே அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் தொண்டு நிறுவனம் ஒன்றில் அவள் ஒருங்கிணைப்பாளர். பதினெட்டு வருடமாக அதே நாற்காலி. ஊரெல்லாம் பதினோரு மையங்கள். வருகைப் பதிவேடு, காலாண்டு அறிக்கை, உதவி தருபவர்கள் மூன்று பேருக்கும் மூன்று விதமான படிவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளே தெருத் தெருவாகப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். இப்போது அவள் பார்ப்பதெல்லாம் கட்டங்கள்தான். பாதியில் நின்றுபோனவர்களின் பெயருக்கு எதிரே காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலும் அதில் 'வீட்டுச் சூழல்' என்றுதான் அடிப்பாள். விரல் தானாகவே அடித்துவிடும்.

ஆனால் நாத்தனாரை அவள் கிளப்பிவிடவில்லை. பத்தொன்பது வருடத்தில் ஒருநாள்கூடப் படிக்க வாங்க அண்ணி என்று சொன்னதில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றாள்.

"அவ சொல்லல" என்றாள் நாத்தனார். "அவ பையில ஒரு நோட்டீஸ் இருந்துச்சு. பொம்பளைங்க வரிசையா உக்காந்து படிக்கிற படம். காய்கறிக்காரம்மாட்ட குடுத்துப் படிச்சுக் காட்டச் சொன்னேன். மார்க்கெட் மாடியிலதானாம். போய்ப் பேர் குடுத்துட்டு வந்துட்டேன்."

ஒருங்கிணைப்பாளருக்கு அப்போது சந்தோஷம் வந்திருக்க வேண்டும். அவளுக்கு முதலில் வந்த நினைப்பு, அறிக்கை மாதத்தில் சாயங்காலச் சமையலை யார் பார்ப்பது என்பதுதான்.

நாத்தனாரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியது எட்டு வயதில். தம்பி பிறந்திருந்தான், தூக்கி வைத்துக்கொள்ள ஓர் இடுப்பு வேண்டியிருந்தது. தெரிந்த நாலெழுத்தும் அவனைத் தூக்கித் திரிந்ததில் மறந்துபோயிற்று. கல்யாணமாகிப் போனவள் இருபத்தாறு வயதில் கணவனை இழந்து திரும்பி வந்தாள். கைக்குழந்தை இல்லை, கைத்தொழில் இல்லை. வீட்டோடு இருக்கட்டும் என்றார்கள். வீட்டோடு என்றால் என்ன என்பதை யாரும் விளக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அப்பா அம்மாவின் கடைசிக் காலத்தைப் பார்த்துக்கொண்டாள். தம்பி கல்யாணம் செய்துகொண்டான். படித்த மருமகள் வேலைக்குப் போனாள். 'அக்கா இருக்கிறதால ஒரு கவலையும் இல்ல' என்று தம்பி எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வான். அது உண்மைதான்.

மறுநாள் ஐந்து மணிக்கு அவள் போனாள். தம்பி தன் சாவியால் கதவைத் திறந்துகொண்டு, டீ இல்லாமல் உட்கார்ந்திருந்தான். டப்பா எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. அவள் ஏழு மணிக்கு வந்து டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சமைத்தாள். அடுத்த வாரத்திலிருந்து விடியற்காலை ஐந்து மணிக்குப் பதில் நாலு மணிக்கே எழுந்துகொண்டாள். மூன்று வாரம் இப்படியே போயிற்று. வீட்டில் யாருக்கும் எதுவும் குறையவில்லை, அவளுடைய தூக்கத்தைத் தவிர.

அந்த வருடம் நிறுவனத்துக்கு ஒரு தனித்திட்டம் வந்திருந்தது, வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கென்று. நாற்பது பேர் சேர வேண்டும். முப்பத்தொன்பதில் மாதக்கணக்காக முட்டிக்கொண்டு நின்றது. ஒரு சனிக்கிழமை இயக்குநர் அவள் மேசைக்கே வந்துவிட்டார்.

"நாப்பதாவது ஆள் கெடச்சாச்சும்மா! மார்க்கெட் மாடி சென்டர்ல. அந்தப் புது டீச்சர் கெட்டிக்காரிதான். வேலை குடுக்கிற வீட்டுல ஒரு கையெழுத்து வாங்கணுமாம், அவ்வளவுதான் பாக்கி."

அரை மணி நேரத்தில் அந்த டீச்சரே படிவத்தோடு வந்தாள். "மேடம், இந்தத் தெரு உங்க வீட்டுப் பக்கம்னு ஆபீஸ்ல சொன்னாங்க. போற வழியில வாங்கிட்டு வந்துடுறீங்களா? பாவம் மேடம் இந்தம்மா. ஒருநாள் விடாம வர்றாங்க. கடைசி அரை மணி நேரம் கண்ணு சொக்கிடும். எழுப்பினா, முகத்தக் கழுவிட்டு வந்து மறுபடி உக்காந்துக்குவாங்க."

ஒருங்கிணைப்பாளர் படிவத்தைப் பார்த்தாள். தொழில்: வீட்டு வேலை. எத்தனை ஆண்டுகள்: இருபத்தெட்டு. வார விடுமுறை: இல்லை. வேலை செய்யும் வீடு என்ற கட்டத்தில் அவளுடைய வீட்டு எண் இருந்தது, அவளுடைய தெரு இருந்தது.

"கதவு எண் சரிதானா மேடம்?" என்றாள் டீச்சர்.

"சரிதான்" என்றாள்.

பின்பக்கத்தில் வீட்டுக்காரர்களுக்கான கடிதம் அச்சிட்டிருந்தது. ஏழு வருடத்துக்கு முன் அவளே எழுதியது. 'தங்கள் இல்லத்தில் பணிபுரியும் இந்தச் சகோதரி, மாலையில் இரண்டு மணி நேரம் கல்வி பெறத் தாங்கள் பெரிய மனது வைத்து அனுமதிக்க வேண்டுகிறோம்.' 'பெரிய மனது வைத்து' என்ற இடத்தில் எப்படிப்பட்டவரும் இளகிவிடுவார் என்று அன்றைக்கு அவளுக்கு ஒரு பெருமை.

வீட்டுக்கு வந்தபோது நாத்தனார் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒருங்கிணைப்பாளர் செருப்பைக்கூடக் கழற்றாமல் படிவத்தை நீட்டினாள்.

"அண்ணி, இதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா?"

"டீச்சர் படிச்சுக் காட்டுனாங்களே."

"வீட்டு வேலைன்னு போட்டிருக்கு."

"என்ன வேலை பாக்குறீங்கன்னு கேட்டாங்க. சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், பாத்திரம் கழுவுறேன்னேன். எத்தன வருஷமான்னாங்க. சொன்னேன். எந்த வீட்டுலன்னாங்க. இந்த வீட்டச் சொன்னேன்." மடித்த சட்டையின் காலரை நீவிவிட்டாள். "பொய் எதுவும் சொல்லலியே."

"சொந்த வீடுன்னு சொல்லியிருக்கலாமே அண்ணி."

"அந்த மாதிரி ஒரு கட்டம் இருந்துச்சா? டீச்சர் கேக்கலியே."

ஒருங்கிணைப்பாளர் செருப்பைக் கழற்றினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அசதி காலிலிருந்து ஏறி வந்தது. இந்த வீட்டைவிட்டுக் காலை எட்டரைக்குக் கிளம்பி, பெண்களின் விடுதலையைப் பற்றித் தான் பேசிய கூட்டங்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சேலையை இஸ்திரி போட்டுக் கொடுத்தது இந்தக் கைதான்.

அறையிலிருந்து வெளியே வந்த தம்பி படிவத்தை வாங்கிப் படித்தான். முகம் சிவந்துவிட்டது.

"என்னக்கா இது, மானத்த வாங்குற? ஊர்ல நாலு பேர் பாத்தா என்ன சொல்வாங்க? கூடப் பொறந்தவள வேலைக்காரியா வெச்சிருக்கான்னு சொல்ல மாட்டாங்களா?"

"பாக்காட்டி சொல்ல மாட்டாங்க" என்றாள் அக்கா.

"இதக் கிழிச்சுப் போடு. இல்லத்தரசின்னு மாத்தி எழுதச் சொல்லு" என்றான் மனைவியிடம்.

"எந்த இல்லத்துக்கு அரசின்னு எழுதறது?" என்றாள் மனைவி. அவளுக்கே அந்தக் குரல் புதிதாக இருந்தது. "அது நமக்கு வந்திருக்கிற கடிதங்க. உங்க அக்காவ ரெண்டு மணி நேரம் விடச் சொல்லி. கையெழுத்துப் போடுறீங்களா, நான் போடட்டுமா?"

அவன் மனைவியையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தான். படிவத்தை மேசைமேல் வீசிவிட்டு, "என்னமோ பண்ணித் தொலைங்க" என்று உள்ளே போனான்.

நாத்தனார் துணிகளை ஓரமாக வைத்தாள். மணி நாலே முக்கால். "எங்க போடணும்?" என்றாள்.

"நீங்க போட வேண்டியது இல்ல அண்ணி. அனுமதி குடுக்கிறவங்க போடற இடம் அது."

"அதான், எங்கன்னு காட்டு."

காட்டினாள். நாத்தனார் பேனாவை வாங்கி, மேசையில் குனிந்து, உதட்டைக் கடித்தபடி தன் பெயரை எழுதினாள். நாலே எழுத்து. மூன்றாவதில் சுழி பெரிதாகிவிட்டது. நாலாவது கோட்டைவிட்டுக் கீழே இறங்கியது. நிமிர்ந்து ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

திங்கட்கிழமை டீச்சர் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க குடுத்து அனுப்பின ஃபார்ம் வந்துச்சு. வீட்டுக்காரங்க போட வேண்டிய எடத்துல அந்தம்மாவே கையெழுத்துப் போட்டிருக்காங்க. தெரியாமப் போட்டுட்டாங்க போல. வேற ஒண்ணு பூர்த்தி பண்ணி அனுப்பவா?"

"வேண்டாம்மா" என்றாள் ஒருங்கிணைப்பாளர். "தெரிஞ்சுதான் போட்டாங்க. ஃபைல்ல வெச்சுடு."