சிவப்புப் பட்டைக்கு வெளியே

என் நாத்தனார் எங்கள் விமானத்தைத் தகர டப்பா என்றுதான் சொல்வாள். நானும் என் வீட்டுக்காரரும் கார் கொட்டகையில் சேர்ந்து கட்டியது அது. இரண்டு பேர் உட்காரலாம். அன்று அவரும் மகளும் அதில் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பிக் கிளம்பும்போது மகள், போகும் வழியில் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தாள்.

எனக்குப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வேலை. பட்டறையில் ஒரு பியானோவின் வயிற்றைத் திறந்து போட்டுக்கொண்டு, பெரிய ஸ்பீக்கரில் வீடியோவை ஓடவிட்டேன். மேசைமேல் இருந்த சுருதி மீட்டர் சும்மா இருக்காமல் எஞ்சின் சத்தத்தையும் அளந்தது. நொடிக்கு எழுபது துடிப்பு.

முதலில் சிரித்துக்கொண்டேன். பிறகுதான் கணக்கு உறைத்தது. எங்கள் விமானத்தின் மூக்கில் சுழலும் புரொப்பெல்லருக்கு இரண்டு இறக்கை. எழுபது துடிப்பு என்றால் நொடிக்கு முப்பத்தைந்து சுற்று, நிமிடத்துக்கு இரண்டாயிரத்து நூறு. வீடியோவில் தெரிந்த சுற்று மீட்டரோ இரண்டாயிரத்து முந்நூறு என்று காட்டியது.

போனை எடுத்து அவரைக் கூப்பிட்டேன்.

அந்த விமானத்தில் இரண்டு கைப்பிடிகள். ஒன்று த்ராட்டில், எஞ்சினுக்குப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும். மற்றது நீலக் கைப்பிடி. அதில் நாம் வைத்த சுற்றை விடாமல் காப்பாற்ற, புரொப்பெல்லர் தன் இறக்கைகளைத் தானே திருப்பிக்கொள்ளும். எந்தச் சுற்று என்பது நம் விருப்பம், ஒரே ஒரு விலக்கோடு. இரண்டாயிரத்துக்கும் இரண்டாயிரத்து இருநூறுக்கும் நடுவில் நிறுத்தி ஓட்டவே கூடாது என்று புரொப்பெல்லர் செய்தவர்கள் எழுதியிருந்தார்கள். அந்த வேகத்தில் இறக்கை தனக்குள்ளேயே அதிர்ந்து வேரில் விரிசல் விடும். உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அதனால் என் வீட்டுக்காரர் என் நகப்பூச்சை எடுத்து மீட்டரில் அந்த இடத்துக்குச் சிவப்புப் பட்டை தீட்டினார். சுற்று குறைந்தால் பெட்ரோல் மிச்சம் என்பது அவர் கட்சி. சிவப்புப் பக்கமே போகக் கூடாது என்பது என் கட்சி. சண்டை போட்டுச் சமாதானமாகி, பட்டைக்குச் சற்று மேலே இரண்டாயிரத்து முந்நூறில் வைத்தோம். எல்லாப் பயணமும் அதே அளவில்தான். மீட்டர், வேறொரு விமானத்திலிருந்து கழற்றி விற்றது. அதைச் சரிபார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

போன் எடுக்கவில்லை. எடுக்க மாட்டார்கள், வானத்தில் இருந்தார்கள். அவர்கள் வருவதைக் கேட்க வைத்திருக்கும் கை ரேடியோவைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கூப்பிட்டேன். இரைச்சல். மறுபடி கூப்பிட்டேன். வாழ்க்கையில் அப்படிக் கத்தியதில்லை.

"என்ன, சோறு ஆறிப்போச்சா?" என்றார் அவர்.

"விளையாடாதீங்க. மீட்டர் பொய் சொல்லுது. இருநூறு கூடக் காட்டுது. நாம இவ்வளவு நாளா சிவப்புக்குள்ளதான் ஓட்டியிருக்கோம்."

 

"அப்போ சுத்தை மேல ஏத்தட்டுமா?" அவர் குரல் மாறியிருந்தது.

ஏற்றினால் பட்டையைவிட்டு வெளியே வரலாம். ஆனால் ஏற்கெனவே விரிசல் இருந்தால், சுற்று கூடக் கூட இறக்கையைப் பிய்த்து எறியும் இழுப்பும் கூடும். இரண்டு உயிர். நான் சொல்வதைத்தான் செய்வார்.

"வேண்டாம், இறக்குங்க. முதல்ல த்ராட்டில். அப்புறம் நீலம். மீட்டர்ல ரெண்டாயிரத்துக்குக் கொண்டு வாங்க, நிஜத்துல ஆயிரத்து எண்ணூறு இருக்கும். மெதுவா வாங்க, ஏதாவது ஆனா இறங்குறதுக்கு வயல் தெரியுற வழியா வாங்க."

"சரிம்மா," என்றார். அவ்வளவுதான்.

ஸ்கூட்டரில் ஓடுதளத்துக்கு எப்படிப் போனேன் என்று இன்றும் தெரியாது. அங்கே எல்லா விமானத்தையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தீயணைப்பானை எடுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டார். மரங்களுக்கு மேலே ஒரு புள்ளி தெரிந்தது. அது பெரிதாக ஒரு யுகம் ஆனது. சக்கரம் தரையைத் தொட்டு நின்றதும் விமானத்தை நோக்கி ஓடினேன்.

மெக்கானிக் புரொப்பெல்லர் இறக்கையின் வேரைத் துடைத்து, சிவப்புச் சாயம் தடவி, பொறுத்திருந்து, அதையும் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தூவினார். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த சாயம் மேலே வரும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வந்தது. மயிரிழையாக ஆரம்பித்து, வேரைச் சுற்றிப் பாதி தூரம் போனது.

"அடுத்த தடவை ஏறியிருந்தீங்கன்னா," என்று ஆரம்பித்த மெக்கானிக், மகளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் தலையில் கை வைத்தபடி இறக்கையையே பார்த்தார்.

மகள் அருகில் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிம்மா? நீ கூப்பிடுற வரைக்கும் நான்தானே ஓட்டினேன். சிவப்புக்குள்ள போயிடக் கூடாதுன்னு அப்பா சொன்னாரு. முந்நூறுல இருந்து முள்ளை அசையவே விடல. கண்ணைக்கூட எடுக்கலம்மா."

அதனால்தான் என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.