ஓட்டுமேல் காலடி

மக்ரிப் பாங்கு ஓய்ந்து விளக்கேற்றிய கொஞ்ச நேரத்தில் அது வரும். முதலில் வாதாமரத்துக் கிளை சரசரவென்று அசையும். பிறகு ஓட்டுமேல் பொத்தென்று ஒரு சத்தம். அதற்கப்புறம் நடை. பூனை நடையும் இல்லை, எலி ஓட்டமும் இல்லை. ஒரு ஆள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓடு உடைந்துவிடக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கிற மாதிரி ஒரு நடை. முகட்டில் கொஞ்சம் நிற்கும். பரணுக்குள் இறங்கும். சாபிராவின் தலைக்கு நேர் மேலே பலகை கிறீச்சிடும்.

மூன்று வாரமாக இப்படித்தான். சாயங்காலமானால் சாபிராவுக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவினாள். போட்ட தாழ்ப்பாளைப் போய்ப் போய் இழுத்துப் பார்த்தாள். பகலில் இரண்டு தடவை ஏணி வைத்துப் பரணை எட்டிப் பார்த்தாயிற்று. இருட்டும் பழைய சாமானும்தான் தெரிந்தன. இரண்டாவது தடவை உள்ளேயிருந்து ஏதோ உறுமியது போலிருக்கவும், ஏணியோடு விழப் பார்த்தாள்.

அவள் புருஷன் அமீருதீனுக்குச் சரக்குக் கப்பலில் கொதிகலனுக்குக் கரி தள்ளுகிற வேலை. பினாங்கு, சிங்கப்பூர் என்று போய் ஐந்து மாதமாகிறது. ராயபுரத்துச் சந்து வீட்டில் சாபிரா தனியாகத்தான் இருந்தாள். நாலு வீடு தள்ளி நாத்தனார் காத்தூன் பீவி இருக்கிறாள் என்று பேர்.

சத்தம் மட்டும் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பாள். வாசனையும் வந்தது. அது வருகிற நேரத்துக்கெல்லாம் கூரையிலிருந்து நெய்ச்சோறு தம் போட்ட மாதிரி ஒரு மணம் இறங்கி, சந்தில் பாதி தூரம் வரைக்கும் போயிற்று.

தெருக்குழாயடியில் இவள் குடத்தோடு போய் நின்றால் பேச்சு சட்டென்று நின்றது. ஏன் என்று இரண்டு நாள் புரியவில்லை. பக்கத்து வீட்டு பூவம்மாதான் சொன்னாள். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்கிறவள். எதையும் சுற்றி வளைக்கத் தெரியாது.

"சொல்றேன்னு கோவிச்சுக்காத சாபிரா. பொழுது சாஞ்சா ஒன் வூட்டுக்கு ஓட்டுமேல ஏறி ஒரு ஆளு வந்து போறான்னு பேசிக்கிறாங்கோ. அவனுக்கு நீ நெய்ச்சோறு ஆக்கிப் போடறியாம்."

சாபிராவுக்கு இடுப்புக் குடம் நழுவியது.

அடுத்த திங்கட்கிழமை காத்தூன் பீவியே வந்தாள். உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்று, தெருவுக்கும் கேட்கிற குரலில் ஆரம்பித்தாள்.

"யாருக்குடி ஆக்கறே நெய்ச்சோறு?"

"ரேஷன் அரிசிக்கே கால்கடுக்க நின்னுகினு கீறேன். நெய்க்கு நா எங்கக்கா போவேன்? வந்து அடுப்பப் பாருங்கோ."

"அடுப்ப நா ஏன் பாக்கணும்? ஓட்டுமேல நடக்கறத எதிர்வூட்டுக்காரங்கோ காதால கேட்டுகினு கீறாங்கோ. என் தம்பி மானம் போவுது. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் ஜமாத்துல சொல்லத்தான் போறேன்."

"அது ஆளு இல்லக்கா."

"பின்ன இன்னா?"

சாபிரா கூரையைப் பார்த்தாள். காத்தூன் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். அன்றைக்குச் சாபிரா சோறு வைக்கவில்லை. வாசலுக்கும் புழக்கடைக்கும் நடந்துகொண்டேயிருந்தாள். வெள்ளிக்கிழமைக்கு நடுவில் மூன்றே நாள்தான் இருந்தது.

அன்று மத்தியானமே விஷயத்தைக் கேட்ட பூவம்மா கூடையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு, "கெளம்பு" என்றாள். "துறமொகத்து தானியக் கெடங்குல அப்பாவுன்னு ஒரு ஆளு கீறான். வியாசர்பாடிக்காரன். பெருச்சாளி புடிக்கறதுக்குன்னே சம்பளம் குடுத்து வெச்சிருக்காங்கோ. அவனக் கேப்போம்."

துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு சாபிரா நடந்தாள். கிடங்கு வாசலில் கோதுமை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. அப்பாவு வெளியே வந்தான். நாற்பது வயதிருக்கும். ஒல்லியான ஆள். வலது கையில் ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

"நா பெருச்சாளி ஆளும்மா" என்றான். "தரைக்குக் கீழ தோண்டறது எதுவானாலும் சொல்லு. ஓட்டுமேல நடக்கறது நம்ம வேல இல்ல."

"வந்து பாத்துட்டு இல்லேன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் சாபிரா. அவன் உள்ளே போன பிறகும் அவள் நகரவில்லை. லாரி வந்தது, மாட்டுவண்டி வந்தது, ஒதுங்கி ஒதுங்கி நின்றாள். பொழுது சாய அவன் வேலை முடித்து வெளியே வந்தபோதும் அங்கேயே நின்றாள்.

"இன்னாம்மா பேஜாரு பண்றே" என்று தலையைச் சொறிந்தவன், மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டான்.

அவன் முதலில் வீட்டுக்குள் வரவில்லை. சுவரைச் சுற்றி வந்தான். வாதாமரத்தடியில் குந்தி எதையோ குச்சியால் கிளறினான். பழக்கொட்டையாகக் கிடந்த எச்சம். சுவரில் எண்ணெய்க் கை பட்டது போல ஒரு கறுப்புத் தடம் மேலே போனதைக் காட்டினான். ஏணியில் ஏறி, முகட்டில் ஓடு விலகியிருந்த சந்துக்குள் கைவிட்டு நாலைந்து மயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்தான். மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மரநாய்மா. ஆளும் இல்ல, பேயும் இல்ல. அந்தக் கெளையப் புட்சுகினு எறங்கி, இந்தச் சந்துல நொழையுது."

"அப்ப அந்த வாசன?"

"அதும் இதோடதுதான். இதுங்க ஒடம்புலயே அப்பிடி ஒரு வாசன கீது. மொத தபா மோந்தப்போ எங்கியோ கண்ணாலச் சோறு வேவுதுன்னு நானே தேடிகினு போனேன்."

சாபிரா சிரித்தாள். சிரிக்கும்போதே அழுகை வந்துவிட்டது. துப்பட்டி முனையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது ஒரு வேலயே இல்ல" என்று அப்பாவு தைரியம் சொன்னான். "அது வெளிய போயிருக்க சொல்லோ சந்த அடச்சிட்டு, கெளைய வெட்டிட்டா ஜென்மத்துக்கும் வராது."

"வேணாண்ணே. புடிச்சுக் குடுங்கோ."

"ஏம்மா?"

"அது வராம போயிட்டா, ஆளுதான் பயந்துகினு வரலன்னு சொல்லுவாங்கோ."

அப்பாவு தலையாட்டினான். பிறகு கிடங்கிலிருந்து ஒரு மரக் கூண்டைக் கொண்டுவந்தான். ஒரு பக்கம் கம்பி. மறுபக்கம் மேலேயிருந்து விழுகிற பலகைக் கதவு. உள்ளே தீனியை இழுத்தால் கதவு விழும். பலாச்சுளை நாலு வைத்து முகட்டுச் சந்துக்குப் பக்கத்தில் கட்டிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் நடை கேட்டது. கூண்டு வரைக்கும் வந்து நின்றது. அப்புறம் கூண்டைச் சுற்றிக்கொண்டு பரணுக்குள் இறங்கிவிட்டது.

புதன்கிழமை பூவம்மா ஒரு யோசனை சொன்னாள். பலாச்சுளையோடு கருவாட்டுத் தலை இரண்டு வைத்தார்கள். விளக்கு வைத்த கையோடு கதவு தடாலென்று விழுந்தது. சாபிரா ஏணியில் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. விளக்கைத் தூக்கிப் பார்த்தால், உள்ளே காத்தூன் பீவியின் வெள்ளைப் பூனை கருவாடு தின்றுகொண்டிருந்தது.

காத்தூன் பீவி தெருவையே கூட்டிவிட்டாள். "வாயில்லா ஜீவன கூண்டுல போட்டு வதைக்கிறா பாருங்கோ! கேக்க ஆளில்லாத வூட்டுல இன்னா இன்னா நடக்குது பாருங்கோ!"

வியாழக்கிழமை காலை அப்பாவு வந்ததும் சாபிரா அவனைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வெள்ளிக்கெழமண்ணே."

அப்பாவு கருவாட்டைத் தூக்கி எறிந்தான். கூண்டின் புதுப் பலகையெல்லாம் மண்ணைப் பூசி மறைத்தான். கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து கிளையிலிருந்து கூண்டு வாய் வரைக்கும் ஓட்டில் தடவிக்கொண்டே வந்தான். இறங்கி வந்து, "இன்னிக்கு நீ வூட்டுல இருக்கக்கூடாது" என்றான். "கீழ நீ நடந்துகினே கீற. மேல அதுக்குப் பயம் வராம இன்னா பண்ணும்?"

அந்தச் சாயங்காலம் பூவம்மா வீட்டில் உட்கார்ந்திருந்ததுதான் மூன்று வாரத்திலேயே பெரிய கஷ்டமாக இருந்தது. கையும் காலும் அடங்கவில்லை. பூவம்மா அரிவாள்மணையைத் தள்ளிவிட, சாபிரா மத்தி மீனாக ஆய்ந்து தள்ளினாள். பாங்கு ஓய்ந்தது. கிளை அசைந்தது. ஓட்டில் பொத்தென்ற சத்தம். நடை. நின்றது. இன்னும் இரண்டு அடி. மறுபடி நின்றது. சாபிரா அரிவாள்மணையை விட்டு எழுந்தாள்.

கதவு விழுந்தது. கூடவே, பூனையால் கனவிலும் போட முடியாத ஒரு சத்தம்.

"போவாத" என்று பூவம்மா அவள் கையைப் பிடித்தாள். "விடியட்டும். எல்லாரும் பாக்கட்டும்."

விடிந்து, குழாயில் தண்ணீர் வருகிற நேரம். வரிசையில் ஏழெட்டுப் பெண்கள். காத்தூன் பீவியும் நின்றாள். அப்பாவு வந்துவிட்டான். அவனும் சாபிராவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு வந்து, கூண்டைக் குழாய் மேடையில் வைத்தார்கள். உள்ளே சாம்பல் கறுப்பில், ஒரு முழ நீளத்துக்கு உடம்பு, அதே நீளத்துக்கு வால். கண்ணைச் சுற்றிக் கறுப்பு. பல்லைக் காட்டிச் சீறியது. நெய்ச்சோற்று மணம் குழாயடியெங்கும் பரவியது.

குடங்கள் அப்படியே நின்றன.

"இதான் ஓட்டுமேல வந்த ஆளு" என்றாள் சாபிரா. அவ்வளவு பேர் நடுவில் அவள் சத்தமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. "நல்லா மோந்து பாருங்கோ. நா ஆக்கின நெய்ச்சோறும் இதான்."

எதிர்வீட்டுக்காரி முந்தானையால் மூக்கை மூடினாள். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காத்தூன் பீவி மட்டும் விடவில்லை.

"இத்தினியூண்டு கீது. இதுவா ஆளு மாதிரி நடக்கும்?"

அப்பாவு அதற்குள் குந்தி, கம்பி வழியாக விலங்கின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் மாறிற்று. "குட்டி போட்டிருக்குதும்மா. பால் கட்டிகினு கீது பாரு. குட்டிங்க ஒன் பரண்லதான் கீது. விட்டா ரெண்டு நாள்ல செத்து, வூடே கலீஜ் ஆயிடும்."

சாபிரா நாத்தனாரின் கையைப் பிடித்தாள். "வாங்கோக்கா. நீங்களே வந்து பாருங்கோ."

"நா எதுக்குடி?"

"பரண்ல யாரு படுத்துகினு கீறதுன்னு நீங்கதான பாக்கணும்."

குழாயடி மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. காத்தூன் பீவியால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சாபிரா கையில் கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு பரணில் ஏறினாள். இந்தத் தடவை பயமில்லை. மூலையில் கிழிந்த மெத்தையின் பஞ்சுக்குள் மூன்று குட்டிகள், கண் பாதி திறந்தும் திறவாமலும், கீச்சுக்கீச்சென்று கத்தின. ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே நீட்டினாள். ஏணியடியில் காத்தூன் பீவி வேறு வழியில்லாமல் முந்தானையை விரித்து வாங்கிக்கொண்டாள்.

"சூடா கீதுடி" என்றாள், தன்னையறியாமல்.

குட்டிகளைக் கூண்டில் தாயிடம் விட்டதும், தாய் சீறுவதை நிறுத்திவிட்டு நக்க ஆரம்பித்தது. காத்தூன் பீவி ஒரு மாதிரியாகச் சாபிராவைப் பார்த்தாள். முந்தானையை உதறிவிட்டு வேகமாகப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் ஜமாத்துப் பக்கமே போகவில்லை என்று பூவம்மா விசாரித்துக்கொண்டு வந்தாள்.

அப்பாவு கூண்டைக் கோணியால் மூடி சைக்கிளில் கட்டிக்கொண்டு, மணலியைத் தாண்டிச் சடையங்குப்பத்துப் பனங்காட்டில் கொண்டுபோய் விட்டான். மறுநாள் வந்து பரணிலிருந்த பஞ்சையெல்லாம் எடுத்து எரித்தான். முகட்டு ஓட்டை மாற்றிச் சுண்ணாம்புக் காரை பூசினான். காற்றுக்காக விட்டிருந்த இடத்தில் கம்பிவலை அடித்தான். வாதாமரத்தின் கிளையைக் கூரையிலிருந்து ஆறு முழம் தள்ளி வெட்டினான். அன்று சாயங்காலம் கூரை சும்மா இருந்தது. ஆனாலும் சாபிரா அந்த நேரம் வந்ததும் எழுந்து நடந்தாள். உடம்புக்கு அது பழகிப்போயிருந்தது.

அடுத்த புதன்கிழமை கப்பல் வந்தது. கரி ஏறிய நகக்கண்ணோடும், ஒரு பிஸ்கோத்து டின்னோடும் அமீருதீன் வீட்டுக்கு வந்தான். நலம் விசாரித்தான். குளித்தான். ஆனால் அவன் பேச்சு பாதியில் பாதியில் அறுந்தது. விளக்கேற்றியதும் மூலையில் போய் உட்கார்ந்தான். சாபிரா சோற்றைப் போட்டு வைத்தாள். அவன் கை வைக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து, கண்ணைக் கூரைமேல் வைத்துக்கொண்டிருந்தான்.

சாபிரா சொம்பைக் கீழே வைத்தாள்.

"இன்னா கேக்கறீங்கோ?"

"ஒண்ணுமில்லியே."

"மேல பாத்துகினே கீறீங்கோ."

அவன் சட்டைப்பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தான். மடிப்பெல்லாம் நைந்திருந்தது. "பினாங்குல கெடச்சுது. அக்கா யாரயோ விட்டு எழுதினது. நா நம்பல சாபிரா."

"படிங்கோ."

"வேணாம் வுடு."

"எனக்குப் படிக்கத் தெரியாது. நீங்க படிங்கோ."

அவன் படித்தான். ஓடு, ஆள், நெய்ச்சோறு எல்லாம் அதில் இருந்தது. நடுவில் ஒரு இடத்தில் குரல் தேய்ந்தது. சாபிரா விடாமல் முழுவதையும் கேட்டாள்.

"எத்தினி நாளா வெச்சிருக்கீங்கோ இத?"

"பத்து நாளா."

"போய் ஒங்க அக்காவ கேட்டுகினு வாங்கோ. இப்பவே."

"நா ஒன்ன ஒண்ணும் கேக்கலியே."

"வாயால கேக்கல. எழுந்து போங்கோ."

அவன் கடிதத்தைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போனான். சாபிரா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாலு வீடு தள்ளிக் காத்தூன் பீவியின் குரல் முதலில் தணிந்து கேட்டது, பிறகு மெல்ல உயர்ந்தது. "மரநாய்டா! இத்தாம் பெருசு! நாந்தான் ஏணியப் புட்சுகினு நின்னேன். குட்டிங்கள என் மடியில வாங்கினேன். வேணும்னா பூவம்மாவக் கேளு!" நடுவில் பூவம்மாவின் குரலும் சேர்ந்துகொண்டது. யார் யாரோ சிரித்தார்கள்.

அமீருதீன் திரும்பி வந்து வாசலில் நின்றான். உள்ளே வரத் தயங்கினான்.

"மரநாயாமே" என்றான்.

"ஆமா."

"அந்த கடுதாசிய அப்பவே கெழிச்சுப் போட்டிருக்கணும். மனசு வரல. என் தப்புதான்."

சாபிரா தரையில் கிடந்த கடிதத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "நீங்களே வெச்சுக்கங்கோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆறிப்போன சோற்றை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிட்டாள். பாயை விரித்துப் படுத்தவள், ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினாள்.

அமீருதீன்தான் பக்கத்தில் விடியும்வரை புரண்டுகொண்டிருந்தான்.