ஏழெட்டு எப்படி ஐம்பத்தாறு

தங்கைக்கு வாய்ப்பாடு மனதில் ஏறவே இல்லை. ஆறு வரை தட்டுத் தடுமாறி வருவாள். ஏழில் வண்டி நின்றுவிடும்.

"மண்டையில என்னடி, களிமண்ணா?" என்பாள் அம்மா.

"உன் மண்டைதானேம்மா எனக்கும்" என்பாள் இவள்.

நான் வீட்டிலிருந்தபடி ஒரு கடைக்குப் பொத்தான் அட்டை தைக்கிறேன். வரிசைக்கு எட்டுப் பொத்தான். அட்டைக்கு ஏழு வரிசை. ஒருநாள் தைத்து முடித்த அட்டையை அவள் முன்னால் வைத்து, கீழ் இரண்டு வரிசைகளை உள்ளங்கையால் மூடினேன். தெரிந்த ஐந்து வரிசைகளைப் பார்த்து "நாப்பது" என்றாள். கையை மேலே நகர்த்தி, அந்த ஐந்தை மட்டும் மூடினேன். "பதினாறு" என்றாள். கையை முழுவதும் எடுத்ததும் கத்தினாள்: "அம்பத்தாறு!"

அப்படியே தொடர்ந்தோம். ஒன்பது வரிசை வேண்டுமென்றால் பத்து இருப்பதாக வைத்துக்கொண்டு ஒரு வரிசையைக் கழிப்பாள். இதற்கெல்லாம் பேச்சு தேவைப்படவில்லை. எனக்கு அதுதான் வசதி. வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் ஒரு வார்த்தையும் வராது என்பதால்தான் நான் ஐந்தாவதோடு பள்ளியை விட்டேன்.

ஆனால் அவள் வகுப்பில் விடை மட்டும் போதாது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றும் சொல்ல வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை. தேர்வில் பத்துக் கணக்கும் சரி. 'எப்படி?' என்று கேட்டிருந்த பத்து இடங்களிலும் ஒரு கையை வரைந்து வைத்திருந்தாள். மிஸ் விசாரித்தபோது, "அக்கா கையை வெப்பா, எனக்குத் தெரிஞ்சிடும்" என்றாளாம்.

மறுநாள் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. பின்தங்கிய பிள்ளைகளின் அறைக்கு அவளை மாற்றுவது பற்றிப் பேச வேண்டுமாம். அங்கே போனால் ஆண்டு முடியும்வரை அங்கேதான்.

"எனக்கு லீவு தர மாட்டாங்க, நீ போ. நாலு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்றாள் அம்மா.

வழியெல்லாம் தங்கை என் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தாள். "மூடி மூடிக் காட்டுவியே, அதை மிஸ்கிட்ட சொல்லிடுக்கா. நான் சொன்னா அவங்களுக்குப் புரியல." 'ஏழை ஐந்தும் இரண்டுமாகப் பிரித்தோம்' என்று நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

ஆசிரியர்கள் அறையில் நான்கு பேர் இருந்தார்கள். நான் நுழைந்ததும் நால்வரும் நிமிர்ந்தார்கள். மிஸ் நல்ல மாதிரி. நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எப்படிம்மா சொல்லிக்கொடுத்தே?"

மிஸ் காத்திருந்தார். பிறகு அவரே எடுத்துக்கொடுத்தார்.

"பயப்படாதே. போன வாரம் வீட்டுக்கு அனுப்பின தாள்ல இதே பத்துக் கணக்குதான் இருந்தது. விடைய மட்டும் உருப்போட வெச்சிட்டியா?"

தலையாட்டினால் இந்த அறையைவிட்டுப் போய்விடலாம் என்று மட்டும்தான் அப்போது தெரிந்தது. ஆட்டினேன்.

"இல்ல மிஸ்! நானே போட்டேன்! அக்கா, சொல்லேன்!"

"உஷ். அக்காவே ஒத்துக்கிட்டாளே. உன்மேல தப்பில்லடா." மிஸ் அவள் தலையைத் தடவினார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது அவள் பத்தடி முன்னால் நடந்தாள்.

திங்கட்கிழமை அறை மாற்றினார்கள். அந்த வாரக் கடைசியில் அம்மா அவளுடைய நோட்டைப் புரட்டினாள்.

"என்னடி இது, மறுபடியும் ரெண்டாம் வாய்ப்பாடா? இதெல்லாம் எப்பவோ முடிச்சாச்சே. அக்காகிட்ட கேட்டு மேல போட வேண்டியதுதானே?"

"அக்காவுக்குக் கணக்குத் தெரியாதும்மா."

நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள். பிறகு இரண்டு, நான்கு, ஆறு என்று அழகாக, கோணாமல் எழுதிக்கொண்டே போனாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். நான் அடுத்த அட்டையை எடுத்து முதல் வரிசையைத் தைக்கத் தொடங்கினேன்.