பிந்தி வாங்கிய மூச்சு

தைஸ்தோவுக்குக் காலையிலிருந்தே வலது தோள் கடுத்தது. தூர்க்கு நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் ஆயுள் முழுக்கத் தலைக்கு மேல் கை தூக்கி வெல்டிங் வைத்த உடம்பு; வலிக்கத்தான் செய்யும். காதுக்குள் ஓயாத விசில்தான் அவனைத் தின்றது. இன்று நண்பன் கொண்டுவரும் ஒலிப் பெட்டிகளில் எதை மாட்டினாலும் ஒரே மாதிரி கேட்டால், ரெக்கார்டு பிளேயரை இசைத்தட்டுகளோடு யாருக்காவது கொடுத்துவிடுவதென்று முடிவு செய்திருந்தான். செத்த காதுக்கு எதற்குப் பாட்டு?

தட்டிலிருந்து ஊசி எடுக்கிற சத்தம் கொசு முனகல் அளவுதான். அதைப் பெருக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப ப்ரீஆம்ப் வேண்டும். அவனுடையது புகைந்து போயிருந்தது. தளத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்த நண்பன் ஓஸ்மோ, கண்ணாடி வால்வு வைத்த இரண்டு ப்ரீஆம்ப்களைச் சுமந்து வந்தான். ஒன்று கடையில் வாங்கியது, கறுப்பு, நல்ல கனம். இன்னொன்று அவனே தகரப் பெட்டிக்குள் கட்டியது.

"இது என்ன, மீன் டப்பாவா?" என்றாள் தைஸ்தோவின் மனைவி ஹெல்வி.

"வாயை மூடிட்டு காப்பி ஊத்து. வால்வு சூடாகட்டும்," என்றான் ஓஸ்மோ.

தைஸ்தோ முதுகைக் காட்டி உட்கார்ந்தான். எது ஓடுகிறதென்று அவனுக்குத் தெரியக்கூடாது. தளத்துப் பாடகர் குழு இளவயதில் சொந்தமாகப் போட்ட தட்டு சுழன்றது. ஹெல்வி அதில் கடைசி வரிசை. ஓஸ்மோ ஒயர்களை மாற்றி மாற்றிச் செருகினான்.

"ரெண்டாவது! அதான் கணீர்னு இருக்கு," என்றான் தைஸ்தோ.

"கறுப்பு! கடைப் பெட்டிதான் ஜெயிக்கும்னு நான் சொல்லல?" ஓஸ்மோ தொடையில் தட்டினான்.

"அது சத்தம் கூட, அவ்வளவுதான்," என்றாள் ஹெல்வி. "சத்தமா இருந்தா நல்லதுன்னு சொல்ற புத்தி தளத்தோட போகலையா உங்களுக்கு? மீட்டரை எதுக்கு வச்சிருக்க ஓஸ்மோ, முதுகு சொறியவா?"

ஓஸ்மோ முணுமுணுத்துக்கொண்டே மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமமாக்கினான். தட்டு மறுபடி சுழன்றது.

முதலில் ஓடியதில் குரல்கள் ஒரே சுவராக நின்றன. அடுத்ததில் பாட்டுக்கு முன்பே ஏதோ நடந்தது. நாற்பது பேர் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். கூடம் எவ்வளவு பெரியதென்று அந்த மூச்சிலேயே தெரிந்தது. அது முடிந்த பிறகு, கடைசியில், ஒற்றையாக இன்னொரு சின்ன மூச்சு.

தைஸ்தோ தலையைச் சாய்த்துக் கேட்டான். காதில் விசில் அப்படியேதான் இருந்தது. அதையும் தாண்டி அந்த மூச்சு வந்திருந்தது.

"யாரு அது, எல்லாரும் இழுத்தப்புறம் இழுக்கிறது?"

ஹெல்வியின் முகம் சிவந்தது. "நான்தான். எப்பவும் பிந்திடுவேன். பாட்டு வாத்தியார் என்னை அதுக்காகவே திட்டுவாரு."

இத்தனை வருடம் இந்தத் தட்டைக் கேட்டிருக்கிறான். இருபது வயது ஹெல்வி அதற்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவை போடு," என்றான்.

எந்தப் பெட்டி ஓடியதென்று ஓஸ்மோ எட்டிப் பார்த்தான். "மீன் டப்பாடா அது!"

"அது இங்கயே இருக்கட்டும். என்ன தரணும்?"

"காசு கீசுன்னா பிடுங்கிட்டுப் போயிடுவேன். என் கோடை வீட்டுல சௌனா நீராவிக் குளியலறை அடுப்பு அடியில விரிசல் விட்டுக் கிடக்கு. வெல்டிங் வச்சுக் குடு."

"வச்சிட்டாப் போச்சு."

தகரப் பெட்டிக்குள் வால்வு தினமும் எரிகிறது. ஓஸ்மோவின் அடுப்புக்கு வைத்துத் தர வேண்டிய வெல்டிங் இன்னும் பாக்கி.