தவசீலன் தொப்பியைக் கழற்றும் இடம்

1

இந்தக் கதை ஒரு சலூனில் கிடைத்தது. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில் மடுத்தீனின் சலூன். சனிக்கிழமை. என் முறைக்காகக் காத்திருந்தேன். எனக்கு முன்னால் இருந்தவர் தொப்பியைக் கழற்றினார். மடுத்தீன் சீப்பால் உச்சியை விலக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தத் தலையிலை நான் கை வைக்கேலாது" என்றான். அந்த மனிதர் எழுந்தார். போர்த்தியிருந்த துணியை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த மடித்த துணிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கோபத்தோடு போகிறவன் துணியை மடிப்பதில்லை. இது முன்பும் நடந்து பழகியவன்தான் மடிப்பான்.

அவர் யாரென்று எனக்குத் தெரியாது. ஆகவே இனி வருவதெல்லாம் என் கைச்சரக்கு. பெயர் தவசீலன் என்று வைத்தேன். கிளிநொச்சிக்காரன், வயது முப்பத்தைந்து, ஓர் உணவகத்தின் சமையலறையில் வேலை, கார்ஜ் லே கொனெஸ் என்ற புறநகரில் நாலு பேரோடு ஒரே அறை. எப்படித் தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.

[கண்ணாடி பொய் சொல்வதில்லை என்று—] இப்படித் தொடங்கும் கதைகளை நானே பாதியில் மூடிவைப்பேன்.

[பாரிஸில் அன்று மழை—] என்றைக்குத்தான் இல்லை.

[தவசீலனுக்குத் தலை கடித்தது.] இது இருக்கட்டும். உண்மை, சுருக்கமாகவும் இருக்கிறது.

2

தவசீலனுக்குத் தலை கடித்தது. சொறிந்தால் வெள்ளை வெள்ளையாகச் செதிள் உதிரும், அடியில் தோல் சிவந்து கிடக்கும். சொரியாசிஸ். பாரிஸுக்கு வந்த குளிர்காலத்தில் தொடங்கியது. அது போதாதென்று உச்சியில் முடியும் கொட்டிக்கொண்டிருந்தது. அது வேறு விஷயம், தகப்பன் வழிச் சொத்து.

ஒரே தலையில் இரண்டையும் வைப்பது அநியாயம்தான். ஒன்றைக் குறைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் சிக்கலே இரண்டும் சேர்ந்திருப்பதில்தான் இருக்கிறது. முடிக்குப் போடும் நுரை மருந்து, புண்பட்ட தோலில் பட்டால் எரியும். எரிகிறதே என்று நுரையை விட்டால் முடி போகிறது. செதிளுக்குப் பூசும் தைலத்தை விட்டால் தோல் போகிறது. சோப்பு, சீப்பு, குளிர், வேலைக் கவலை எல்லாவற்றைப் பற்றியும் அந்தத் தலைக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.*

சமையலறை வேலை இதற்குத் தோதாக அமைந்தது. அங்கே எல்லோருமே தொப்பிதான். வெளியே வந்தால் தன் சொந்தத் தொப்பி. கறுப்புச் சட்டை ஒன்றுகூட அவனிடம் இல்லை.

(*சொரியாசிஸ் தொற்றாது. தொட்டாலும் தொற்றாது, ஒரே தலையணையில் படுத்தாலும் தொற்றாது. கதைக்குள் இதைச் சொல்ல நல்ல இடம் அமையவில்லை, அதனால் இங்கே வைக்கிறேன். தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

அவனுக்குக் கலியாணம் பேசினேன். நான் பேசினேன் என்றால், எழுதினேன்.

பெண் சுஜானி. பாரிஸுக்கு வெளியே ஓல்னே-சூ-புவாவில் வளர்ந்தவள், மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் வேலை. நாள் முழுக்க மனிதர்களின் முகத்துக்குக் கிட்ட நின்று பார்ப்பதே அவள் தொழில். முதல் வரைவில் அவளைக் கொஞ்சம் கர்வக்காரியாக எழுதியிருந்தேன், தவசீலன் மேல் வாசகருக்கு இரக்கம் வரட்டுமே என்று. அது மலிவான வேலை என்று பட்டதும் திருத்தினேன். இப்போதைய சுஜானி நிறையக் கேள்வி கேட்பாள், பதில் வரும்வரை காத்திருப்பாள். அவனுக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது. அதனால்தான் தொப்பியைக் கழற்றவில்லை.

இனி அறுகுபால். எங்கள் முறைப்படி கலியாணத்தன்று காலையில் மாப்பிள்ளையைப் பலகையில் இருத்தி, அறுகம்புல்லையும் பாலையும் உச்சியில் வைத்து, பிறகு தோய வார்த்துக் குளிப்பாட்டுவார்கள். உறவுக்காரர் ஒவ்வொருவராக வந்து வைப்பார்கள். மாப்பிள்ளை வீட்டில் நடக்கவேண்டியது. தவசீலனுக்கு இங்கே வீடுமில்லை, வீட்டாருமில்லை. ஆகவே மண்டபத்துப் பக்க அறையில் சுஜானியின் ஆட்களே செய்வதென்று அவள் தாய் பரமேஸ்வரி முடிவெடுத்தார். கிளிநொச்சியிலிருந்து தவசீலனின் அம்மா போனில் பார்ப்பார்.

அவனுடைய பயம் கலியாணம் நின்றுபோகும் என்பதுகூட இல்லை. அத்தனை பேருக்கு முன்னால், அம்மா பார்த்துக்கொண்டிருக்க, அறுகோடு வந்த ஒரு கை தலைக்குக் கிட்ட வந்து பின்னால் போகும். அதைத்தான் அவன் நினைத்து நினைத்துப் பயந்தான். இந்தக் கதைக்கு இருப்பதும் அந்த ஒரு பயம்தான்.

4

இங்கே தவசீலன் ஒரு முட்டாள்தனம் செய்கிறான். நான் தடுக்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் இது தோன்றாது.

கலியாணம் நல்லபடி ஒப்பேற வேண்டுமென்று கந்தசஷ்டி விரதம் பிடித்தான். முதல் நாள் காலை நுரை மருந்தைக் கையில் எடுத்தவன், பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்தான். அல்கோல். தைலப் போத்தலையும் திருப்பிப் பார்த்தான். அதிலும் அல்கோல். விரதகாரன் தலையில் சாராயத்தைப் பூசிக்கொண்டு முருகனைக் கும்பிடுவதா? இரண்டையும் அலுமாரியில் வைத்துப் பூட்டினான். (அதற்கு முந்தின கிழமை சக வேலைக்காரனின் பிறந்தநாளில் இரண்டு பியர் குடித்தவன்தான். அது விரதத்துக்கு முன்னம்.) போதாததற்குத் தினமும் விடிய எழும்பிச் சுடுதண்ணீரில் தலை முழுகினான்.

சூரன்போர் அன்று செதிள் நெற்றி விளிம்பு வரை இறங்கிவிட்டது. மறுநாள் பாறணைச் சாப்பாட்டோடு விரதத்தை முடித்த கையோடு, விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று, தைலத்தை அப்பி அதற்கு மேலே நுரையையும் அப்பினான். தலை அடுப்பாக எரிந்தது. குழாயடியில் குனிந்துகொண்டு நின்றான். அழுதான் என்று எழுதிப் பிறகு அடித்துவிட்டேன். பிறகு அடித்ததை மீட்டுக்கொண்டேன். அழுதான்.

5

தோல் மருத்துவர் ஒரு பிரெஞ்சுப் பெண். அவசரம் என்று கெஞ்சிச் சந்திக்க நேரம், அதாவது றோந்தேவு, வாங்கியிருந்தான். தவசீலனுக்குத் தெரிந்தது சமையலறைப் பிரெஞ்சு. சூடு, கெதி, வெங்காயம் எல்லாம் வரும், விரதம் வராது. ஏன் மருந்தை நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்டபோது, "கடவுளுக்காக" என்று மட்டும் சொல்ல முடிந்தது. பெட்டியைக் காட்டி அல்கோல் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தான்.

மருத்துவர் சிரிக்கவில்லை. அடுத்த விரதத்துக்கு முன் வாருங்கள், அது இல்லாத மருந்தாகப் பார்க்கலாம் என்றார். பிறகு எழுந்துவந்து அவன் தலையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கையுறை போடவில்லை. தவசீலன் அதைக் கவனித்தான்.

அவர் சொன்னது இவ்வளவுதான். முதலில் தோல் அடங்கட்டும், அதுவரை நுரை வேண்டாம். பிறகு தைலம் இரவில், நுரை காலையில், ஒன்றின் மேல் ஒன்று கூடாது. மருந்து ஷாம்பூவைப் போட்டவுடன் கழுவாமல் கொஞ்சம் ஊறவிட வேண்டும்.

"முற்றாகப் போய்விடுமா?"

"அடங்கும். திரும்ப வரும். திரும்பவும் அடக்கலாம்."

"கலியாணத்துக்கு முன்னம்?"

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். கொஞ்சம் குறையும் என்றார்.

6

இதுவரை எழுதியதை மடுத்தீனுக்கு வாசித்துக் காட்டினேன். முடி வெட்டிக்கொண்டிருந்தவன் கத்தரிக்கோலை வைத்துவிட்டான்.

"என்னண்ணை, என்னை வில்லனாக்கிப் போட்டியள்."

"நீ சொன்னதைத்தானே எழுதியிருக்கிறன்?"

"கை வைக்கேலாது எண்டு சொன்னது மெய்தான். மெசின் பட்டா அவருக்கு ரத்தம் வரும். மெல்லமாக் கத்தரிக்கோலாலை வெட்டிவிடுறன் எண்டு சொல்ல வெளிக்கிட்டன். அதுக்குள்ளை ஆள் எழும்பீட்டார்."

"சரி, அதையும் போடுறன்."

"போடுங்கோ. நான் வாசல் வரைக்கும் போய்க் கூப்பிட்டும் அவர் திரும்பி வரேல்லை எண்டதையும் போடுங்கோ."

போட்டுவிட்டேன். அன்று மடித்த துணியையே பார்த்துக்கொண்டிருந்த நான் அதைக் கவனிக்கவில்லை. முதல் பகுதியை மட்டும் திருத்தவில்லை. பாதியில் எழுந்து போனவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதானே.

7

முடிவுகள். மூன்று எழுதினேன், மூன்றையும் கிழித்தேன்.

ஒன்று: தவசீலன் கலியாணத்துக்கு முன் மொட்டை அடித்துக்கொள்கிறான். முருகனுக்கு நேர்த்தி என்கிறான். நேர்த்தி என்றால் எங்கள் ஆட்கள் மறுகேள்வி கேட்பதில்லை. நல்ல யோசனையென்று இரண்டு பக்கம் எழுதிய பிறகுதான், மொட்டைத் தலையில் செதிள் இன்னும் பளிச்சென்று தெரியுமே என்று உறைத்தது. தவசீலனுக்கு அது முன்னமே தெரியும்.

இன்னொன்று: சுஜானியும் ஏதோ ஒரு தழும்பை மறைத்து வைத்திருக்கிறாள். இவன் காட்ட, அவளும் காட்டுகிறாள். கணக்குச் சரி. ஆனால் கணக்குச் சரியாக இருந்தால்தான் ஒருவரை ஒருவர் ஏற்கலாமா? எனக்கே அது பிடிக்கவில்லை.

மூன்றாவது: [சுஜானி மோதிரத்தைக் கழற்றி—] இதை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அவனைப் படைத்தவன் நான், அந்த அளவுக்காவது பட்சபாதம் இருக்காதா?

8

உண்மையில் அவனை மாட்டவைத்தது தலைப்பாகை.

கலியாணச் சாமான் வாங்க இருவரும் லா ஷப்பலுக்கு வந்தார்கள். சேலை, வேட்டி எல்லாம் முடிந்தது. தலைப்பாகை எடுத்துவந்த கடைக்காரர், "மாப்பிள்ளை, தொப்பியைக் கழட்டுங்கோ, அளவு பார்க்கவேணும்" என்றார். தவசீலன் "பிறகு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தான். சுஜானி பின்னால் வந்தாள். அவனை ஒன்றும் கேட்காமல், நிலத்தடித் தரிப்பிடத்தில் விட்டிருந்த தன் காருக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"என்ன நடந்தது?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாமல் ஒராள் கடையை விட்டு ஓடுவாரோ?"

அவன் பல வசனங்கள் தயாரித்து வைத்திருந்தான். நானும் உதவியிருந்தேன். [உம்மை நான் ஏமாத்த நினைக்கேல்லை, ஆனா—] [இது தொத்துற வருத்தமில்லை, டொக்டரும்—] அவன் அவற்றையெல்லாம் விட்டுவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கமாகத் தலையைக் குனிந்தான்.

இந்த இடத்தில் நான் பல நாள் எழுதாமல் நின்றேன். அவன் அத்தனை நாளும் அங்கேயே குனிந்தபடி இருந்தான். பாவம்.

"சொரியாசிஸோ?"

"ஓம்."

"முடி கொட்டுறதும் அதாலையோ?"

"இல்லை, அது வேறை. அதுக்கும் மருந்து போடுறன்."

"ஆர் பூசிவிடுறது?"

"நான்தான்."

"பின்பக்கம் எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. தடவிப் பாத்து, கடிக்கிற இடத்திலை பூசுறது."

சுஜானி இருக்கையில் திரும்பி அவன் பின்தலையைக் கிட்டப் பார்த்தாள். பேசியபோது அவள் குரலில் கோபம் இருந்தது. "உங்கடை வருத்தத்துக்கு எனக்குக் கோபமில்லை. எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிடேக்கையும் தொப்பியோடை இருந்தீங்கள் பாருங்கோ, அதுக்குத்தான் கோபம். அம்மாவும் நானும் அதை எவ்வளவு கதைச்சனாங்கள் தெரியுமோ? மரியாதை தெரியாத ஆள் எண்டுகூட நினைச்சம்."

"உமக்குச் சொல்லியிருக்கவேணும்."

"ஓம், சொல்லியிருக்கவேணும்." பிறகு, "அறுகுபால் வேண்டாமெண்டா அம்மாட்டைச் சொல்லி நிப்பாட்டுறன். ஐயர் சும்மா தண்ணி தெளிச்சால் காணும். செ பா கிறாவ்" என்றாள். பெரிய விஷயமில்லை என்பதை அவள் எப்போதும் பிரெஞ்சில்தான் சொல்வாள்.

வழி திறந்துவிட்டது. என் கதைக்கும் அதுதான் சுகம். அதில் நட என்று நானும் அவனைத் தள்ளிப் பார்த்தேன்.

தவசீலன் மடியிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வேண்டாம். வைக்கட்டும்."

"எல்லாரும் பாப்பினம்."

"பாக்கட்டும். டொக்டரைத் தவிர என்ரை தலையிலை ஒருதர் கை வைச்சுக் கனகாலம்."

9

மண்டபத்துப் பக்க அறை. காலை. தலை அவ்வளவாக அடங்கவில்லை. மருத்துவர் சொன்னபடி கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவே. தவசீலன் பலகையில் இருக்கிறான், வெறுந்தலையோடு. போனை யாரோ உயர்த்திப் பிடித்திருக்கிறார்கள். அதில் அம்மாவின் முகம் பாதிதான் தெரிகிறது.

பரமேஸ்வரி முதலில் வந்தார். மகள் சொல்லியிருந்ததால் பால் வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அறுகை வைத்தார், பாலை விட்டார், தேய்க்கவில்லை. பிறகு கையைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். பாலில் நனைந்த கையை எவரும் துடைக்கத்தான் செய்வார்கள். தவசீலன் அதை அப்படியே எடுத்துக்கொள்ளப் பாடுபடுகிறான்.

அடுத்தது யார் என்பதை நான் எழுதவில்லை. சித்தப்பா ஒருவரை உருவாக்கி நிறுத்தியிருக்கலாம். அவரைக் கையை இழுக்கவும் வைக்கலாம், இழுக்காமலும் வைக்கலாம். இரண்டும் எனக்கு ஒரு வரி வேலைதான். அது நியாயமாகப் படவில்லை, ஏனென்றால் நான் எழுதும் சித்தப்பா நான் சொன்னதைச் செய்வார்.

வரிசை நகர்ந்துவிட்டது. கிண்ணத்தை உங்கள் பக்கம் நீட்டுகிறார்கள். இவ்வளவு தூரம் கூட வந்தவர்கள் நீங்கள், கலியாண வீட்டில் சும்மா நிற்க விடமாட்டார்கள். அவன் குனிந்திருப்பதால் உங்கள் முகம் அவனுக்குத் தெரியாது. உச்சி உங்கள் கைக்கு நேரே இருக்கிறது. அங்கங்கே முடி, இடையிடையே செதிள், ஓரத்தில் சிவப்பு.

நான் பேனையை வைத்துவிட்டேன். பால் ஆறப்போகிறது, வைப்பதென்றால் இப்போதே வையுங்கள்.