உப்புத்தாள் போடாத பலகை

வேலை போன கையோடு என் மனைவியின் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்தான். முப்பத்திநாலு வயது. பின்னறையில் படுத்தான். ஒரு மாதம் ஓடியது. நான் அவனை விருந்தாளி என்றே கூப்பிட்டேன்.

“ஹால்ல தரையோரமா ஓடுற சுவரடிப் பலகையெல்லாம் பழுப்பேறிக் கிடக்கு. விருந்தாளி பெயின்ட் அடிக்கட்டும். ஒழுங்கா முடிச்சா, வேலை கிடைக்கிற வரைக்கும் ரூம் அவனுக்கு. சொதப்பினா ஞாயித்துக்கிழமை கெளம்பிடணும்,” என்று மனைவியிடம் சொன்னேன். தம்பியின் கைவேலையில் அவளுக்கு நம்பிக்கை. ஒப்புக்கொண்டாள்.

பலகையில் இருந்தது பழைய எனாமல். நான் வாங்கி வந்தது தண்ணீர் பெயின்ட். உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பை எடுக்காவிட்டால் அதன்மேல் ஒட்டாது. எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

“தேய்க்கணுமா மாமா?”

“வேணாம்டா, வீடெல்லாம் தூசியாகும். தொடச்சிட்டு அடி, போதும்.”

மூன்று நாள் முட்டி போட்டே நகர்ந்தான். ஆணிக்குழிகளில் பட்டி வைத்தான். பலகைக்கும் சுவருக்கும் நடுவிலிருந்த இடுக்கைப் பசையால் அடைத்து, ஈர விரலால் ஒரே இழுப்பில் வழித்தான். தரையில் ஒரு சொட்டு சிந்தவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

“என்ன விருந்தாளி, முட்டி தேஞ்சுதா?”

“சும்மா உக்காந்து தேயறதுக்கு இது தேவல மாமா.”

ஞாயிற்றுக்கிழமை காலை மனைவியைக் கூப்பிட்டு, அவள் கண்ணெதிரே பலகையை நகத்தால் சுரண்டினேன். பெயின்ட் பாலாடை மாதிரி கிளம்பியது. பிடித்து இழுத்தேன். கதவிலிருந்து ஜன்னல் வரை ஒரே நாடாவாக உரிந்து வந்தது.

“என்னடா இது?” என்றாள் தம்பியிடம்.

“மாமாதான்…” என்று ஆரம்பித்தான். நான் அவன் அக்காவின் தோளில் கை வைத்தேன். அந்தக் கையைப் பார்த்தான், அக்காவின் முகத்தைப் பார்த்தான்.

“தேய்க்காம அடிச்சிட்டேன்க்கா. சோம்பேறித்தனம்.”

“ஒரு வேலையாவது உருப்படியா முடிச்சிருக்கியா நீ? இவர் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே!”

அவன் துணிமணிகளை அவளே மடித்துக் கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

மறுவாரம் மிச்சத்தை உரித்து, தேய்த்து, இரண்டு தடவை நானே அடித்தேன். அவள் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள்.

“இவ்ளோதாங்க வேலை. இதுக்குக்கூடத் துப்பில்ல அவனுக்கு.”

அவள் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சத்தத்தை நிறுத்தினாள்.

“யாரு?”

“அவன்தான்.”

“பேசேன், பாவம்.”

“என்னத்தப் பேசறது,” என்றாள். “நீங்க அந்த மூலையை விட்டுட்டீங்க, பாருங்க.”